படுக்கையறையில் ஒரு போர்வெல்

நவம்பர் 4, செவ்வாய்

வீட்டுக்காரி செவ்வந்தி அன்னூரில் தன் அக்கா வீட்டுக்குப் போய் இன்றோடு ஆறு நாள். படுக்கையறைச் சுவரில் பூத்த பூஞ்சணம்தான் காரணம். அங்கே படுத்தால் அவளுக்கு விடிய விடிய இருமல். அறையின் ஈரப்பதம் ஐம்பத்தைந்து சதவீதத்துக்குள் வர வேண்டும் என்று ஆர்.எஸ்.புரம் டாக்டர் சொல்லிவிட்டார். "அந்த ரூமு காயட்டுங்க, அன்னைக்கு வாரேன்" என்று பெட்டியைத் தூக்கிவிட்டாள். முப்பது வருஷமாக மோட்டார் ரீவைண்டிங் பட்டறை நடத்துகிறேன், ஒரு அறையைக் காய வைக்க முடியாதா எனக்கு?

மகள் ரித்திகா பெங்களூரிலிருந்து ஒரு மெஷின் அனுப்பியிருக்கிறாள். காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து, அடியிலுள்ள தொட்டியில் தண்ணீராக விடுமாம். பார்ப்போம்.

நவம்பர் 5, புதன்

தண்ணீர்! வெறும் காற்றிலிருந்து மூன்று லிட்டர்! குளியலறை மக்கில் இரண்டு முறை அளந்தேன்.

சகலை பாலுசாமிக்கு உடனே போன் போட்டேன். அன்னூர்த் தோட்டத்து போர்வெல்லில் எண்ணூறு அடியில் இரண்டு இஞ்ச் தண்ணீர் என்று போன வருஷத்திலிருந்து பீற்றிக்கொள்பவர் ஆயிற்றே. "நமக்குத் தரைக்கு மேலயே வந்துபோச்சுங்க அண்ணா" என்றேன். "எத்தனை ஹெச்.பி.ங்க?" என்றார்.

அரை ஹெச்.பி.கூட இல்லை. அதையும் சொன்னேன்.

நவம்பர் 7, வெள்ளி

ஒன்றரை லிட்டர்தான். மெஷின் டிஸ்பிளேயில் முதல் நாள் 82 காட்டிய ஈரப்பதம் இப்போது 64. அது கிடக்கட்டும், தண்ணீர் ஏன் குறைகிறது? சாயங்காலம் சகலை கேட்பாரே, என்ன சொல்வது?

நவம்பர் 9, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். வெளியே அடைமழை. இரண்டு ஜன்னலையும் திறந்து வைத்தேன், ஈரப்பத செட்டிங்கைக் கடைசிவரை இறக்கினேன். ஆறு லிட்டர்! அதோடு ஈர வேட்டி ஒன்று, துண்டு இரண்டு, மெஷினுக்கு எதிரே கொடி கட்டிப் போட்டேன். எட்டு!!

சகலை போனை எடுக்கவில்லை.

நவம்பர் 10, திங்கள்

செவ்வந்தி பேசினாள். "தண்ணி எத்தனைன்னு நான் கேக்கலைங்க. ஈரம் எத்தனை?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்த்தேன். 83. சொல்லவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

மெஷின் ஒரு நிமிஷம்கூட ஓயாமல் ஓடுகிறது. ஒரு நாளைக்கு ஏழு யூனிட். இந்த லட்சணத்தில் போனால் இந்தப் பில் ஐந்நூறு யூனிட்டைத் தாண்டும். தாண்டினால் ரேட்டே வேறு. பட்டறையில் ஒருத்தன் மோட்டாரை இப்படி ஓட்டியிருந்தால் தோலை உரித்திருப்பேன்.

நவம்பர் 12, புதன்

செவ்வந்தி வீடியோ காலில் வந்தாள். தொட்டியைக் காட்டலாம் என்று போனைத் திருப்பினேன். திருப்பியிருக்கக் கூடாது.

"ஏனுங்க, ஜன்னல் ஸ்கிரீன் ஏனுங்க அப்படிப் பறக்குது? அது என்ன துண்டு சொட்டச் சொட்டத் தொங்குது?"

விளக்கினேன். முழுக்கக் கேட்டாள்.

"ஜன்னலைத் தொறந்து போட்டு ஊரையே காய வெக்கறீங்களா? நம்ம கணபதி ஏரியா பூராக் காஞ்சப்புறம்தான் என்னைக் கூப்புடுவீங்களா? நான் வர்றது புடிக்கலைன்னா நேராச் சொல்லிப்போடுங்க."

வைத்துவிட்டாள்.

அய்யோ, என்ன காரியம் பண்ணிப்போட்டேன்! பதினாலு நாளா ஹோட்டல் இட்லி, பேச ஆளில்லை — அவ இல்லாத ஊடு ஒரு ஊடா? ரூமைக் காய வெக்கச் சொன்னா ரூமுக்குள்ள துணி காயப் போட்டிருக்கறேனே. எவனாவது செய்வானா?

நவம்பர் 13, வியாழன்

துணி மாடிக்குப் போனது. ஜன்னல்களைச் சாத்தினேன், கதவிடுக்கில் பழைய சாக்கை அடைத்தேன். சுவரைத் தேய்த்துத் துடைத்தேன். சுவரோடு ஒட்டிக் கிடந்த மெஷினை ஒரு அடி தள்ளி வைத்தேன். பில்டரைக் கழற்றினால் கம்பளி மாதிரித் தூசு. கழுவிக் காயவைத்து மாட்டினேன். செட்டிங் 55.

நவம்பர் 15, சனி

மெஷின் திடீரென்று நின்றுவிட்டது. ஸ்குரு டிரைவரும் கையுமாக உட்கார்ந்தபோதுதான் டிஸ்பிளேயைப் பார்த்தேன். 55. போதும் என்று அதுவே நின்றிருக்கிறது. எனக்குத்தான் அந்தப் புத்தி இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

அரை லிட்டர். மனசு கேட்கவில்லை. ஒரு துண்டை நனைத்தேன். பிறகு பிழிந்து மாடியில் போட்டுவிட்டு வந்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

54. நாளுக்கு இரண்டு யூனிட்கூட ஆகவில்லை. டிஸ்பிளேயைப் போட்டோ எடுத்து அன்னூருக்கு அனுப்பினேன். தொட்டியைப் போட்டோ எடுக்கவில்லை.

நவம்பர் 19, புதன்

வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றியதும் நேரே படுக்கையறைக்குப் போய்ச் சுவரில் மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். பெட்டியைத் திறந்து புடவைகளை அடுக்க ஆரம்பித்தாள். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

நவம்பர் 20, வியாழன்

விடிந்ததும் விடியாததுமாகச் சகலை போன். "ஏனுங்க தனபாலு, இன்னைக்கு எத்தனை லிட்டருங்க?"

"ஒரு டம்ளர் தேறாதுங்க அண்ணா."

"அடடா! வத்திப்போச்சுங்களா?" குரலில் அத்தனை சந்தோஷம்.

திரும்பிப் பார்த்தேன். செவ்வந்தி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். ராத்திரி முழுக்க ஒரு இருமல் இல்லை.

"ஆமாங்க அண்ணா, சுத்தமா வத்திப்போச்சு" என்றேன், அவள் எழுந்துவிடாதபடி மெதுவாக.