பாறையின் ஓய்வு

மார்ச் 2

மருந்துக்கடைக்காரரின் கோல்கீப்பரை நான் "கொன்றுவிட்டேன்" என்று லீக் குழுவில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. நான் அவனை ஓய்வுப் பட்டியலில் சேர்த்தேன். கொலை வேறு, ஓய்வு வேறு. இந்த வித்தியாசம் தெரியாத பதினொரு பேருடன் ஒன்பது வருடமாக ஹாக்கி லீக் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாராவது வேறு மாதிரி சொன்னால் எடுத்துக் காட்டலாம்.

எங்கள் லீக்கில் மைதானம் கிடையாது, மட்டை கிடையாது. பன்னிரண்டு அணிகள், பன்னிரண்டு மேலாளர்கள். தினமும் மாலை ஆறு மணிக்குக் கம்ப்யூட்டர் ஆட்டங்களை நடத்தி முடிவைச் சொல்லும். வீரர்கள் அதற்குள்ளேயே பிறந்தவர்கள். வருடத்துக்கு இரண்டு சீசன், சீசனுக்கு ஒரு வயது கூடும். சிலரை வெளிநாட்டு லீக் கூப்பிட்டுக்கொள்ளும். இரண்டு சீசன் கழித்துத் திரும்புவார்கள். திரும்புகிறவன் தனக்கு வேண்டும் என்று அவனுடைய மேலாளர் புது சீசனின் முதல் ஆட்டத்துக்கு முன்பு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால், முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவன் பொதுக் குவியலுக்குப் போவான். அதற்கு மேற்பட்டவனுக்கு ஓய்வு. ஓய்வு என்றால் அவனுடைய திறமைப் புள்ளிகள் எல்லாம் அழிந்துபோகும். வெளிநாட்டுப் பட்டியல், ஓய்வுப் பட்டியல் இரண்டுக்கும் பதிவாளர் நான். இதைச் சொல்லும் ஒன்பதாம் விதியை எழுதியதும் நான்தான்.

அந்தக் கோல்கீப்பருக்கு மருந்துக்கடைக்காரர் வைத்த பெயர் பாறை. வயது முப்பத்தேழு. பிப்ரவரி 25 மாலை ஆறு மணி வரை எழுத்தில் எதுவும் வரவில்லை. ஆறு மணி ஒரு நிமிடத்துக்கு ஓய்வு கொடுத்தேன். இவ்வளவுதான்.

மார்ச் 3

என் நாத்தனார் இந்த நோட்டை எடுத்துப் படித்திருக்கிறாள். அறுபத்தாறு வயதிலும் அடுத்தவர் எழுதியதைப் படிக்கக் கூடாது என்று தெரியாது. படித்ததோடு நிற்காமல் காப்பி டம்ளரை மேஜையில் வைத்துக்கொண்டே கேட்கிறாள்: "அந்தப் பொண்ணு போன் பண்ணினதை விட்டுட்டீங்களே அண்ணி? மறந்துட்டீங்களா, மறைச்சுட்டீங்களா?"

சரி. அதையும் எழுதுகிறேன். 25ஆம் தேதி நான்கு மணிக்கு மருந்துக்கடைக்காரரின் மகள் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, அப்பா ஆஸ்பத்திரியில இருக்காரு. பக்கவாதம். நேத்து கடையோட பின்னறையில விழுந்திருக்காரு, நானும் ஊர்ல இல்லை, இன்னைக்குக் காலையிலதான் பார்த்திருக்காங்க. பேச்சு வரலை. காலண்டர்ல இன்னைய தேதியில 'பாறை'ன்னு எழுதி ரெண்டு வட்டம் போட்டு வச்சிருக்காரு. உங்க விளையாட்டு விஷயம்னு உங்க லீக்ல இருக்கிற பல் டாக்டர் சொன்னாரு. அப்பாவுக்கு அந்த ஆளு வேணும்னு நினைக்கிறேன்."

"நீ நினைக்கிறதை நான் பதிவு பண்ண முடியாதும்மா. மேலாளர் எழுத்துல குடுக்கணும்."

"அவருக்கு வலது கையே வரலை ஆன்ட்டி."

"கேட்க வருத்தமாத்தான் இருக்கு. ஆனா விதி அதுதான்."

வருத்தமாக இருந்தது உண்மை. அதன் பிறகு இரண்டு மணி நேரம் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்ததும் உண்மை. எழுதியாகிவிட்டது. போதுமா, நாத்தனாரே?

மார்ச் 6

இன்று மருந்துக்கடைக்காரரின் அணியுடன் ஆட்டம். அவர் கடைசியாகக் கொடுத்த அணியையே கம்ப்யூட்டர் இறக்குகிறது. பாறை நிற்க வேண்டிய இடத்தில் பத்தொன்பது வயதுக்காரன் ஒருவன். 7–0.

என் அணி என் கணவருடையது. அவர் போன பிறகு நான் ஏற்றுக்கொண்டேன். நான்கு இறுதி ஆட்டங்களில் இந்தப் பாறையிடம் முட்டி மோதித் தோற்றவர் அவர். ஒவ்வொரு முறையும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வருவார். ஏழாவது கோல் விழுந்தபோது நான் கை தட்டினேன். அறையில் வேறு யாரும் இல்லை.

மார்ச் 10

லீக் தலைவரான பல் டாக்டர் போன் செய்தார்.

"கொஞ்சம் மனசு வைங்க மேடம். 25ஆம் தேதி நகல் ஒண்ணு என்கிட்ட பத்திரமா இருக்கு. அதைப் போட்டா பாறை வந்துடுவான். அதுக்கப்புறம் நடந்த பதிமூணு நாள் ஆட்டத்தைத் திரும்ப நடத்தணும், அவ்வளவுதானே."

"மனசு வைக்கிறதுக்கு விதி எண் என்ன டாக்டர்?"

"எல்லாரும் பாவப்படுறாங்க மேடம்."

"படட்டும். பாவப்படக் கூடாதுன்னு எந்த விதியிலயும் நான் எழுதலையே."

பல்லைப் பிடுங்குகிறவர் போனை வைத்துவிட்டார். முப்பத்தொரு வருடம் இன்சூரன்ஸ் ஆபீசில் தட்டச்சுப் பிரிவை மேய்த்தவள் நான். "இந்த ஒரு தடவை மட்டும் மேடம்" என்று எத்தனை பேர் கெஞ்சிக் கேட்டிருப்பேன்! ஒரு தடவை விட்டால் அடுத்த நாள் நாற்காலியே நம்முடையதாக இருக்காது.

மார்ச் 11

புள்ளிப் பட்டியலில் முதலிடம். ஆறு வருடம் கடைசியில் கிடந்த அணி.

மார்ச் 17

இதை எழுதும் முன் நாத்தனார் தூங்கப் போகட்டும் என்று காத்திருக்கவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பகலிலேயே எழுதுகிறேன்.

காலையில் போஸ்ட்மாஸ்டர் புகார் அனுப்பியிருந்தார். ரிட்டையர் ஆனவர், எங்கள் மேலாளர்களில் ஒருவர். காயம்பட்ட வீரனை உட்கார வைக்கச் சொல்லி ஆட்டத்தாளில் எழுதியும் நான் கவனிக்கவில்லையாம். ஒவ்வொரு மேலாளரும் தினமும் எனக்கு ஆட்டத்தாள் அனுப்புவார். அதன் அடியில் குறிப்புக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் ஆளாளுக்குக் கேலி எழுதி, ஒருமுறை என் கண்ணாடியைப் பற்றியும் எழுதியதால், ஆறு வருடத்துக்கு முன்பே அந்தக் கட்டம் என் திரையில் தெரியாதபடி செய்துவிட்டேன். போஸ்ட்மாஸ்டர் பொய் சொல்கிறார் என்று நிரூபிக்கத்தான் இன்று அதைத் திறந்தேன். எல்லா அணிகளுடையதும் திறந்துகொண்டது.

மருந்துக்கடைக்காரரின் தாள். பிப்ரவரி 24, காலை 11.20. அப்படியே எழுதுகிறேன்.

"பாறை திரும்பி வருகிறான். எனக்கு வேண்டும். தனிப் படிவம் திறக்கவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன், மன்னிக்கவும் மேடம். காலையிலிருந்து வலது கை மரத்துப்போகிறது. இடது கையால் தட்டுகிறேன். கடையில் இன்று நான் மட்டும்தான்."

அதற்குக் கீழே கம்ப்யூட்டர் தானாகப் போட்ட பதிவு: பதிவாளர் திறந்தது, 12.05.

ஒன்பதாம் விதியை எடுத்துப் படித்தேன். எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. எங்கே எழுத வேண்டும் என்று இல்லை. நான் எழுதிய விதி. மூன்று முறை திருத்தி எழுதிய விதி.

மார்ச் 18

யாரிடமும் சொல்லவில்லை. நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறேன்.

மார்ச் 19

3–1. வென்றோம்.

மார்ச் 20

கோல்கீப்பரை விடு. அவன் எண்கள்தானே. பன்னிரண்டு ஐந்துக்கு நான் அந்தத் தாளைத் திறந்திருக்கிறேன். கடை நம்பர் என் டைரியில் இருக்கிறது. என் கணவரின் மாத்திரைகள் அங்கேதான் வாங்கினோம். கை மரத்துப்போகிறது, தனியாக இருக்கிறேன் என்று ஒரு மனுஷன் எழுதியிருக்கிறார். இந்த உலகத்தில் அதைப் படிக்கக்கூடிய ஒரே ஆள் நான். அவரை மறுநாள் காலையில்தான் பார்த்தார்களாம்.

படித்திருந்தால் போன் பண்ணியிருப்பேனா? பண்ணியிருப்பேன்.

பண்ணியிருப்பேனா? இல்லை, "குறிப்புக் கட்டத்தில் உடம்பு விஷயம் எழுத வேண்டாம்" என்று பதில் அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேனா? சொல்லேன் — உன்னைத்தான் கேட்கிறேன் — போயிருப்பியா மாட்டியா?

மார்ச் 22

மருந்துக்கடைக்காரரின் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன்.

கடைக்கு மேலே இரண்டு அறைகள். ஜன்னலோரம் கை வைத்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். மடியில் ஒரு தலையணை, அதன் மேல் வலது கை. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது போல. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். இந்த நிலைமையிலும் மரியாதை.

மகள் என்னைச் சமையலறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். குரலைத் தாழ்த்தி, "ஆன்ட்டி, பாறை நல்லா ஆடுறான்னு சொல்லி வச்சிருக்கேன். தினமும் சாயங்காலம் ஆறு மணியானா என் முகத்தையே பார்ப்பாரு. ஒரு கோல்கூட விடலைப்பான்னு சொல்வேன். அன்னைக்கு நல்லா சாப்பிடுவாரு. நீங்களும் அப்படியே சொல்லிடுங்க" என்றாள்.

தலையாட்டினேன். நாற்காலிக்கு எதிரே வந்து உட்கார்ந்தேன். அவர் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. ஒரு கோலும் விடவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். நடக்காத ஆட்டத்தை நடந்ததாகச் சொல்ல எனக்கு வரவில்லை. எழுபத்து மூன்று வருடமாக வராதது அங்கேயும் வரவில்லை.

"பாறைக்கு ஓய்வு குடுத்தாச்சு. பிப்ரவரி 25. எழுத்துல எதுவும் வரலை," என்றேன்.

வரலை என்று சொன்னேன். வந்தது தெரிந்தே.

அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இடது கையைத் தூக்கி நாற்காலியின் கைப்பிடி மேல் விரல்களால் தட்டினார். ஒவ்வொரு விரலாக, வேகமாக. நிறுத்தி என்னைப் பார்த்தார். மறுபடியும் தட்டினார்.

"என்னப்பா? தண்ணியா? தண்ணி வேணுமா?" என்று மகள் டம்ளரைக் கொண்டுவந்தாள். தலையைத் திருப்பிக்கொண்டார். தண்ணீர் கழுத்தில் வழிந்தது. அவர் மேலும் மேலும் தட்டினார்.

எனக்குப் புரிந்தது. வாயைத் திறக்கவில்லை.

மகள் துண்டால் அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "போயிடுங்க," என்றாள். ஆன்ட்டி என்று சொல்லவில்லை.

மார்ச் 23

நோட்டை நானே எடுத்து மேஜை மேல் வைத்தேன். நாத்தனார் நின்றபடியே படித்தாள். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

"பொய் சொல்ல வராதுன்னு எழுதியிருக்கீங்க. பாதி உண்மை மட்டும் சொல்றதுக்கு எந்தக் கான்வென்ட்ல கத்துக்கிட்டீங்க அண்ணி?"

எழுந்து போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

பத்து மணிக்குப் பல் டாக்டருக்கு எழுதினேன். 24ஆம் தேதிக் குறிப்பின் நகலை இணைத்தேன். தவறு என்னுடையது, 25ஆம் தேதி நகலைப் போட்டுப் பாறையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், அதன் பின் நடந்த ஆட்டங்கள் அனைத்தையும், என் அணியின் முதலிடம் உட்பட, ரத்து செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

மார்ச் 26

வாக்கெடுப்பு முடிந்தது. ரத்து செய்யலாம் என்று மூன்று பேர். கூடாது என்று எட்டுப் பேர்.

அந்த எட்டுப் பேரில் ஆறு பேர் என்னைக் கொலைகாரி என்றவர்கள். அன்றைக்கு அவர்களிடம் இழக்க ஒன்றும் இல்லை. இன்று ஒருவர் மூன்றாம் இடத்தில் இருக்கிறார், இன்னொருவர் வரிசையாக ஒன்பது ஆட்டம் ஜெயித்திருக்கிறார். போஸ்ட்மாஸ்டர் குழுவில் எழுதியிருக்கிறார்: "ஓய்வுன்னா ஓய்வுதான். மேடமே சொன்னது." அதற்குக் கீழே ஏழு பேர் கை தட்டும் படம் போட்டிருக்கிறார்கள்.

"ஜெயிச்ச ஆட்டத்தை யாரு மேடம் விட்டுக்குடுப்பாங்க?" என்றார் டாக்டர்.

பதிவாளர் பொறுப்பிலிருந்து விலகுவதாகச் சொன்னேன். அந்த வேலையை ஏற்க யாரும் முன்வரவில்லை. அதனால் இரண்டு பட்டியலும் இன்னும் என்னிடம்தான்.

மார்ச் 27

நாத்தனார் கேட்டாள்: "அந்தக் கை விஷயத்தையும் சொல்லப் போறீங்களா?"

"சொல்லணும்."

"அவருக்காகவா, உங்களுக்காகவா? படுத்துக் கிடக்கிற மனுஷன்கிட்ட, நீங்க இப்படி ஆகாம அன்னைக்கே தப்பிச்சிருக்கலாம்னு போய்ச் சொல்றது என்ன நியாயம்?"

"சொல்லாம இருக்கிறது மட்டும் யாருக்காக?"

இருவரும் கீரையை ஆய்ந்து முடித்தோம்.

மார்ச் 29

மருந்துக்கடைக்காரரின் மகளுக்கு இன்று பதிவுத் தபாலில் அனுப்பியதன் நகல்:

"உன் அப்பா பிப்ரவரி 24 காலை 11.20க்கு எனக்கு எழுதிய குறிப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். அந்தத் தாளை நான் அன்று 12.05க்குத் திறந்தேன். குறிப்பு இருந்த பகுதியை நான் படிப்பதில்லை என்று வைத்திருந்தேன், படிக்கவில்லை. தன் கையைப் பற்றி அவர் எழுதியிருப்பதை நீ உட்கார்ந்து படி.

நான் வந்த அன்று அவர் தண்ணீர் கேட்கவில்லை. நான் எழுதினேன் என்று சொன்னார். எனக்கு அப்போதே புரிந்தது. புரியாதது போல உட்கார்ந்திருந்தேன்.

கோல்கீப்பரைத் திரும்பக் கொண்டுவரக் கேட்டேன். லீக் மறுத்துவிட்டது.

இதில் எவ்வளவை அவரிடம் சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பதை நான் தீர்மானிக்கக் கூடாது. நீ தீர்மானித்துக்கொள். அவர் எழுதியது வந்து சேர்ந்தது என்பதை மட்டுமாவது நானே நேரில் அவரிடம் சொல்ல அனுமதி கேட்கிறேன். நான் வரலாமா, கூடாதா என்று எழுத்தில் பதில் தரவும்."