உலராத பொடி

எதிர்மேசைக்காரிக்கு,

வேதியியல் துறை நோட்டீஸ் போர்டில் என் படம் இன்னும் இருக்கிறது. கீழே, "சிறந்த மாணவர் ஆய்வு, விளைச்சல் தொண்ணூற்று நான்கு சதவீதம்."

நான் தயாரித்த அதே பொடியை நீ மூன்று முறை தயாரித்தும் விளைச்சல் அறுபத்தொன்றைத் தாண்டவில்லை. "உனக்கு லேப் வேலை வராதும்மா" என்று பேராசிரியர் எல்லார் முன்னாலும் சொன்னார். நான் குடுவை கழுவத் திரும்பிக்கொண்டேன். "எனக்குக் கைராசி இல்லடி, விடு" என்று என்னையே சமாதானப்படுத்திவிட்டுப் படிப்பை விட்டுப் போனாய்.

விருதுக்குக் கடைசி நாள் என்ற அவசரத்தில் என் பொடியை ஈரத்தோடு எடைபோட்டு, தண்ணீரின் எடையையும் விளைச்சலாகக் காட்டியிருந்தேன். தெரிந்தேதான்.

நேற்று அந்தப் பொடியை மூடிவைத்திருந்த குப்பியைத் திறந்து, நன்றாக உலர்த்தி எடைபோட்டேன். அறுபத்தொன்று.

பேராசிரியரிடம் சொல்லத்தான் கிளம்பினேன். அவர் அறைக் கதவு திறந்தேதான் இருந்தது. உனக்கு எழுதுவது சுலபமாகத் தெரிந்தது.

இப்படிக்கு,
இப்போதும் திரும்பிக்கொண்டவள்