கண்ணாடி லொறி

இன்று காலை மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெடியன் லொறியொன்றின் அலுமினியப் பம்பரை மினுக்கிக்கொண்டு நின்றான். ட்றில் மெசினில் வட்டமான துணிச்சில்லைப் பூட்டி, மெருகுக்கட்டியை அதில் ஒற்றி ஒற்றி அழுத்தினான். சூடேறிய அந்த மெருகின் மணம் மூக்கில் அடித்தது. நீங்கள் போடுகிற சேட்டை எத்தனை தரம் தோய்த்தாலும் போகாதே, அதே மணம். மீன் வாங்கப் போனவள் வாங்காமலே திரும்பிவிட்டேன். உங்களை அடக்கம் செய்து இவ்வளவு காலமாகியும் எனக்கு அந்த வெட்கம் போகவில்லை.

சண்டையால் எங்கள் ஊர் தாழ்வுபாட்டை விட்டு நானாட்டானுக்கு இடம்பெயர்ந்தபோது நீங்கள் எங்கள் லொறியில் முதலில் ஏற்றியது உங்கள் ட்றில் மெசினையும் சின்ன ஜெனரேற்றரையும்தான். பிறகுதான் சட்டி பானை, பிறகுதான் நான். கருவாடும் நெல்லும் ஏற்றுகிற லொறிக்கு இவ்வளவு சோடனையா என்று ஊர் சிரித்தது. நீங்களோ, டீசல் மருந்துக்கும் கிடைக்காத அந்தச் சண்டைக்காலத்திலும், பெருநாளுக்கு முன் பம்பரையும் மிதிபலகையையும் டீசல் தாங்கியையும் மினுக்காமல் லொறியைப் பங்குச் சுவாமியின் ஆசீர்வாதத்துக்குக் கொண்டுபோக மாட்டீர்கள். முகமெல்லாம் கறுப்பாக, பல்லை மட்டும் காட்டிக்கொண்டு வந்து நிற்பீர்கள்.

"இஞ்சை வந்து பார், உன்ர முகம் தெரியுதோ?"

தாங்கிக்கு முன்னால் குந்தியிருந்து தலை வாருவேன். 'கண்ணாடி லொறி' என்று சனம் பேர் வைத்தது. அந்த லொறிக்காரனின் பெண்சாதி என்று நான் எவ்வளவு எடுப்பாக நடந்தேன்! இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

சண்டை நானாட்டான் பக்கமும் நெருங்கிய அன்று, லொறி பெருநாள் மினுக்கம் மாறாமல் முற்றத்தில் நின்றது. ஊரைவிட்டு வெளியேறப் பெட்டியும் பாயுமாகச் சனம் வந்து சேர்ந்தது. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு மிதிபலகையில் வைத்த காலைத் திரும்ப எடுத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. வெயில்ல இது பளபளன்னு மின்னுது. ஹெலிகாரனுக்கு மொதல்ல நாங்கதான் தெரிவோம்."

முன்னமே ஏறியிருந்தவர்களும் இறங்கத் தொடங்கினார்கள். ஊரெல்லாம் காட்டிப் பெருமைப்பட்ட லொறியில் ஏறச் சனம் பயப்பட்டதும் உங்கள் முகம் செத்துப்போயிற்று. "கொஞ்சம் பொறுங்கோ" என்று வாய்க்காலுக்கு ஓடி வாளி வாளியாகச் சேறு கொண்டுவந்து அப்பினீர்கள். மேலே ஓலையும் சாக்கும் போட்டீர்கள். ஓலை நின்றது, சேறு நிற்கவில்லை. அந்த வழுவழுப்பில் சேறு பிடிக்குமா? காயக் காயப் பொருக்குப் பொருக்காகக் கழன்று விழுந்தது. உள்ளே பழையபடி பளபளப்பு.

நீங்கள் ஜெனரேற்றரை இழுத்து ஸ்ராட் பண்ணி, துணிச்சில்லைக் கழற்றிவிட்டு, துரு சுரண்டுகிற கம்பிச்சில்லைப் பூட்டினீர்கள். என்னைக் கூப்பிட்டு வயரைப் பிடிக்கச் சொன்னீர்கள். தாங்கியில் என் முகம் தெரிந்தது. கம்பிச்சில்லு கிறீச்சிட்டுக்கொண்டு அதற்கு மேலால் போனது. இரண்டு இழுப்பில் முகம் இல்லை, வெறும் சாம்பல் நிறக் கீறல்கள். நான் கேவிக் கேவி அழுதுவிட்டேன். நீங்கள் மெசினை நிறுத்தினீர்கள்.

"பயப்பிடாதை. எல்லாரையும் கொண்டுபோய்ச் சேர்ப்பன்."

எனக்குப் பயமில்லை. வீடும் மாடும் விளைந்த நெல்லும் விட்டுவிட்டுச் சனம் வெயிலில் நிற்கிறது, நான் ஒரு டீசல் தாங்கிக்கு அழுதேன்.

கீறலில் சேறு பிடித்தது. சனம் ஏறியது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகாமல் போய்ச் சேர்ந்தோம். அதன்பிறகு நீங்கள் போகிற இடமெல்லாம் ஒரே கதைதான்: "என்ர மனுசி அண்டைக்குச் சனத்துக்காக அழுதவள்." கோயில் வாசலில் பெண்கள் வந்து என் கையைப் பிடிப்பார்கள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

தாழ்வுபாட்டுக்குத் திரும்பி வந்த பிறகு ஒருநாள் மெசினை வெளியே எடுத்தீர்கள். முழு லொறியையும் மினுக்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். வந்து பார்த்தால், தாங்கியில் ஓரிடம் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, நான் குந்தியிருந்தால் முகம் வருகிற உயரத்தில் மினுங்கியது. சுற்றிவர கம்பிச்சில்லின் கீறல்கள் அப்படியே இருந்தன.

"முகம் பாக்க இவ்வளவு காணுமே, போதாதோ?" என்று கேட்டுவிட்டுக் கையைத் துடைக்கப் போய்விட்டீர்கள்.

நான் எதற்கு அழுதேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டும் சாகும்வரை அந்தக் கதையை மாற்றிச் சொல்லவில்லை.

லொறி இப்போது ஓடுவதில்லை, வளவில் நிற்கிறது. உப்புக்காற்றில் அந்த இடம் மங்கி மங்கி வரும். உங்கள் பழைய சேட்டால் துடைத்துவிட்டுத் தலை வாருவேன். அந்த அகலத்துக்கு மேல் ஒரு விரல் துடைக்கவும் எனக்கு மனம் வராது.

இன்று மீனில்லாமல் வந்த என்னைக் கண்டு பக்கத்து வீட்டுக்காரி என்னவென்று கேட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "நான் சனத்துக்கு அழேல்லைப் பிள்ளை. தாங்கிக்குத்தான் அழுதனான்."

அவள் நம்பவில்லை.

"சும்மா இருங்கோ அக்கா," என்றாள். "அந்த மனுசன் பொய் சொல்லுறவரோ?"