விளக்கை மறைத்த கை

அன்புள்ள மாமா,

இன்று காலை அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் முதலில் அந்தப் படத்தைத்தான் பார்த்தேன். விண்வெளித் தொலைநோக்கி அகச்சிவப்பு ஒளியில் எடுத்தது. நடுவில் நட்சத்திரத்தை மறைத்திருக்கிறார்கள். அந்தக் கருப்பு வட்டத்தின் ஓரத்தில், தன் சூட்டிலேயே மினுங்கும் பெரிய கோள் ஒரு புள்ளியாகத் தெரிகிறது.

கல்யாணமான புதிதில், கடலூர் சில்வர் பீச்சில், சுண்டல் வண்டி விளக்கில் எனக்குக் கண் கூசியது. நீங்கள் கையை நீட்டி அதை மறைத்தீர்கள்.

“இப்ப தெரியுதா அந்தக் குட்டி நட்சத்திரம்?”

“தெரியுது மாமா.”

“பாத்தியா, நான் இல்லன்னா உனக்கு வானமே கெடையாது.”

சிரித்தேன். சிதம்பரத்தில் பாதியில் விட்டுவந்த ஆராய்ச்சி அப்போது நினைவுக்கே வரவில்லை.

“ஓசூர்ல வூடு பாத்தாச்சு, ஸ்கூல் வேலய வுட்டுட்டு வந்துடு” என்று நேற்று அங்கிருந்து ஃபோனில் சொன்னீர்கள். சரி என்றேன். சிதம்பரத்தில் மறுபடி ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருப்பதைச் சொல்லவில்லை. அந்த ஆராய்ச்சி இந்த மாதிரிப் படங்களைப் பற்றித்தான்.

விளக்கை மறைக்க ஒரு கை போதும். அது உங்கள் கையாகத்தான் இருக்க வேண்டும் என்று இருபது வருடம் நினைத்துவிட்டேன். அந்தக் கையின் சுண்டல் வாசனை இன்னும் நினைவிருக்கிறது.

திங்கட்கிழமை சிதம்பரத்தில் சேர்கிறேன். யாருக்கும் தெரியாது. சேர்ந்த பிறகுதான் இதைத் தபாலில் போடுவேன்.

உங்கள்
கடலூர்க்காரி