முந்தின நாள் பேப்பர்

பிலோமியின் அப்பாவுக்கு,

உங்கள் தம்பி கடலோடு போன செய்தியைத் தந்தியில் சொன்னேன். மீதி அதில் கொள்ளவில்லை.

கடலுக்குப் போகுமுன் அவர் எங்கள் பள்ளி நூலகத்து ஜன்னலில் வந்து நின்று, "ஏ தாயி, கடலு எப்படி இருக்கும்னு பேப்பர்ல பாத்துச் சொல்லு" என்று பிலோமியிடம் கேட்பது வழக்கம். அன்றும் கேட்டார். கடல் அமைதியாக இருக்கும் என்று ஓர் எழுத்துப் பிசகாமல் படித்தாள். சிரித்துக்கொண்டே போனார்.

அது முந்தின நாள் பேப்பர். இப்போது ஊரே பிள்ளையைத்தான் சொல்கிறது. அவள் புத்தகத்தைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்கிறாள்.

தேதியை அவள் பார்க்கவில்லை. டீச்சர் நான், பக்கத்தில் நின்று பார்த்தேன். முடித்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். அவள் படித்த அழகுக்குக் கைதட்டியதில் மறந்துவிட்டேன்.

இதை ஊரில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. பிலோமியிடமும்.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்