நாலாயிரம் கீல்கள்

மார்ச் 4
நாலாயிரம் கதவுக் கீல்களுக்கு ஆர்டர் வந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து முதல் ஆர்டர். ஆறு வருடமாகச் சாம்பிள் அனுப்பி அலுத்துப்போன எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. இது கைகூடினால்தான் பட்டறை ஓடும். மலிவான இறக்குமதிக் கீல் வந்தபிறகு உள்ளூரில் நம்மை யார் சீண்டுகிறார்கள்? அண்ணன்தான் துள்ளினான். "சாம்பிள செஞ்சது யாரு பாப்பா?" எனக்கு நாற்பத்தெட்டு வயது. இன்னும் பாப்பாதான்.

மார்ச் 19
மின்சாரம் இல்லை. எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

ஏப்ரல் 2
வாங்குபவர்கள் அனுப்பிய பரிசோதகர் வந்தார். தன்மையான மனிதர். ஒரு கீலின் இடது தகட்டையும் வேறொரு கீலின் வலது தகட்டையும் சேர்த்து, நடுவில் கம்பியைச் செருகினார். போகவில்லை. இன்னொன்று. அதுவும் போகவில்லை. பதினோராவதோடு நிறுத்திவிட்டார்.

அண்ணன் பதறிப்போனான். "சார், ஜோடி மாத்திட்டீங்க சார். இதுக்கு இது இல்ல."

"எல்லாமே எல்லாத்துக்கும் ஜோடியா இருக்கணும்ங்க. அங்க தனித்தனியா பெயின்ட் அடிச்சு மெஷின்தான் சேர்க்கும்."

ஒன்றைக்கூட ஏற்கவில்லை. மே 6 கப்பலுக்குள் சரிசெய்யச் சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 3
தப்பு என்னுடையது. ஐந்து சாம்பிளையும் அண்ணன் மூன்று நாள் அரத்தால் ராவி ராவிச் செய்தான். அது அவன் கை செய்த வேலை, பட்டறை செய்ததல்ல. தெரிந்தே வாயை மூடிக்கொண்டு அனுப்பினேன். தகட்டை வளைக்கிற அச்சு தேஞ்சு எத்தனை வருஷமாச்சு! அந்தக் கோணல ஆர்டர்லயும் ஜோடி ஜோடியா அவன் அரம் மறைச்சுது, நாங்க அதுக்குத் தரம்னு பேர் வச்சுக்கிட்டோம். என்னத்தச் சொல்ல.

ஏப்ரல் 9
இந்தத் தடவை அரம் வேண்டாம் என்று அண்ணனிடம் சொன்னேன். "அப்ப நான் எதுக்கு?" என்றான். மதியம் என்னோடு சாப்பிடவில்லை.

ஏப்ரல் 21
புது அச்சு வந்தது. அண்ணன் வரவில்லை — காய்ச்சலாம். அண்ணிக்குப் போன் போட்டேன்.

"காய்ச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல. வீட்டுக் கதவையெல்லாம் கழட்டிப் போட்டுக் கீல ராவிக்கிட்டு இருக்காரு. வந்து கூட்டிட்டுப் போம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

போய்க் கூட்டிவந்தேன்.

மே 5
லாரி வாசலில் நிற்கிறது. கடைசிப் பெட்டிகளில் கம்பி மறுபடி இறுகுகிறது. நான் என்ன செய்தேன்? அரத்தைத் தேடினேன். நானேதான்! இரண்டு தகடு ராவியும்விட்டேன். அண்ணன் வந்து கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"வேணாம் பாப்பா. ராவிட்டா எங்க தப்புன்னு தெரியாமலே போயிடும். லாரியத் திருப்பி அனுப்பு."

அனுப்பிவிட்டேன். அழுகையாக வந்தது.

மே 6
கப்பல் போய்விட்டது. உள்ளதை உள்ளபடி அவர்களுக்கு எழுதிவிட்டேன். புது அச்சு எங்கே நகர்கிறது என்று காலையிலிருந்து அண்ணன் மெஷினுக்கு அடியில் படுத்து அளவு சொல்கிறான், நான் குறித்துக்கொள்கிறேன். "அடுத்த கப்பல் எப்ப?" என்று அங்கிருந்தே கேட்டான். இருபத்திரண்டு நாள் என்றேன்.

"போதும்."

மே 27
ஆர்டரைப் பாதியாக்கித்தான் ஒப்புக்கொண்டார்கள். பரிசோதகர் கைக்கு வந்ததையெல்லாம் மாற்றி மாற்றிச் சேர்த்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் கம்பி போனது. அண்ணன் பக்கத்திலேயே வரவில்லை. லாரியை அனுப்பிவிட்டு என் அறைக்கு வந்தால், மேஜையில் காகிதம் பறக்காமலிருக்க அவன் அரத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.