சம்மாட்டியார் தோட்டத்தில்தான் இருக்கிறார்

உயிரோடு இருந்த காலம் முழுக்க என்னைச் சீண்டியே சிரித்த என் மச்சான் தேவாவுக்கு,

முதலில் உன் நாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மிச்சம் எதுவும் உன் காதில் ஏறாது. சம்மாட்டியார் நலம். எனக்குக் கோபம் வருகிற அளவுக்கு நலம்.

இங்கே ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் கோடை முடிந்துவிட்டது. குளிக்க வந்த சனம் குடையையும் பாயையும் சுருட்டிக்கொண்டு பலெர்மோவுக்குத் திரும்பிவிட்டது. மீன் சாப்பாட்டுக் கடைகளில் பாதி மேசை காலி. போன கிழமை முதல் மழை பெய்தது. அடுத்த நாள் நான் தோட்டத்துக் கேற்றைத் திறந்தபோது இவர் ஈர மண்ணில் நாலு காலையும் மேலே போட்டுக்கொண்டு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் தேய்த்தார்.

அத்திமரத்தடியில் விழுகிற பழமெல்லாம் அவருக்குத்தான். அதில் மொய்க்கிற குளவியோடு சண்டை பிடித்து முந்தாநாள் மூக்கு வீங்கிக் கிடந்தது. புத்தி வந்ததா? பின்னேரம் மறுபடியும் அதே மரத்தடி. உன் தக்காளிப் பாத்தி ஓய்ந்துவிட்டதென்று தெரிந்துகொண்டு அதில் மூன்று கிடங்கு தோண்டி வைத்திருக்கிறார். மத்தியானத்தில் வெயில் இப்போது சுடுவதில்லை, இளஞ்சூடுதான். எலுமிச்சைக்குப் பக்கத்துக் கல்லில் நீட்டிப் படுத்து, கடல்காற்று வரும்போதெல்லாம் மூக்கைத் தூக்கித் தூக்கி முகர்கிறார். எங்கள் ஊரில் வலையும் வள்ளமும் வைத்துக்கொண்டு கரையில் நின்று அதிகாரம் பண்ணுகிற முதலாளியைச் சம்மாட்டி என்போம். இந்தச் சோம்பேறிக்கு அந்தப் பெயரை வைத்தாயே, எவ்வளவு பொருத்தம்!

நீ செத்து ஒரு கிழமைகூட ஆகாதபோதே இவர் இப்படித்தான் இருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆகஸ்டில் ஒரு காலை இதே தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய். உன் தங்கச்சி வசந்தி சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறாள், கதைப்பதில்லை, சிரிப்பு என்ற ஒன்று இருந்ததையே மறந்துவிட்டாள். ஆறு வருடம் உன் கையால் சாப்பிட்ட பிராணி பல்லிக்குப் பின்னால் ஓடி விளையாடுகிறது. நன்றி கெட்டது என்று கேற்றுக்கு வெளியே நின்று பேசினேன்.

ஏன் வெளியே என்று நீ கேட்கமாட்டாய். நாய் என்றால் எனக்கு எவ்வளவு பயம் என்று உனக்குத் தெரியும். இவர் கிட்ட வந்தால் நான் கதிரையில் ஏறுவதும், நீ தோட்டத்துச் சொந்தக்காரி சிஞ்ஞோராவைக் கூப்பிட்டு அதைக் காட்டுவதும் எத்தனை தரம் நடந்தது? நீ போன பிறகு, செப்டெம்பர் முடிவு வரை நாய்க்குச் சாப்பாடு வைக்கச் சொல்லி சிஞ்ஞோரா என்னைத்தான் கேட்டா. பலெர்மோவில், அல்பெர்கேரியாப் பக்கம் மாடிப்படி கழுவி முடித்து, பஸ் பிடித்து வந்து, ஒரு கையில் சட்டியும் மறு கையில் கூட்டுகிற தும்புத்தடியுமாக உள்ளே போய், சட்டியை வைத்துவிட்டு ஓடிவருவேன். அவர் துரத்தியது கிடையாது. நான் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்.

இப்போது நான் செய்த பிழையைச் சொல்கிறேன். கோவிக்காதே. இல்லை, கோவி. கோவிக்கத்தான் வேண்டும்.

உன் காரியம் முடிந்து பத்துப் பன்னிரண்டு நாளில் சிஞ்ஞோரா கூப்பிட்டுச் சொன்னா: குளிர்காலத்துக்குத் தோட்ட வீட்டைப் பூட்டப் போகிறாவாம், தங்கிப் பார்க்க ஆளில்லாமல் நாயை விடமுடியாதாம். அவவின் பெறாமகனுக்கு மலைப்பக்கம் ஆட்டுப்பட்டி இருக்கிறது. அங்கே கொண்டுபோய்ச் சங்கிலியில் கட்டினால் காவலுக்கு ஆகும். "தேவா உங்கள் குடும்பத்து ஆள். நீ என்ன சொல்கிறாய்?" என்று என்னைக் கேட்டா. நான் யோசிக்கவேயில்லை. "வா பேனே, சிஞ்ஞோரா" என்று உடனே தலையாட்டிவிட்டேன். இந்தச் சட்டியும் தும்புத்தடியும் ஓட்டமும் முடிகிறதே என்ற சந்தோஷம். மாதக் கடைசி ஞாயிறு வான் வரும் என்றா. வசந்தியிடம் நான் மூச்சுக் காட்டவில்லை.

அதன் பிறகுதான் உன் முப்பத்தோராம் நாள் வந்தது. சிஞ்ஞோரா தோட்டத்திலேயே செய்யச் சொன்னா. இங்கே ஐயர் இல்லை, உனக்குத் தெரியும். ஒரேத்தோத் தெருவிலிருந்து குணம் அண்ணை வந்து தேவாரம் படித்து எல்லாம் ஒழுங்காகச் செய்தார். நாயை எலுமிச்சையில் கட்டச் சொன்னேன், அண்ணையே கட்டினார். படைத்து முடிய, சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, பாயசம், உனக்குப் பிடித்த உழுந்து வடை எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக் குட்டைமதிலில் வைத்தோம்.

"காகம் எடுக்கிற வரைக்கும் ஒருத்தரும் வாய் வைக்கப்படாது" என்றார் குணம் அண்ணை.

காகம் எங்கே வரப்போகிறது? ஒரு மணி ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று. இரண்டு கடற்புறா வந்து குந்தி, சோற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மீன் இல்லையென்று பறந்துவிட்டன. குணம் அண்ணை கைதட்டி "கா, கா" என்று கத்தக் கத்த, பக்கத்து வீட்டு மனிசி யன்னலைத் திறந்து பார்த்தாள். பசியில் பிள்ளைகள் அழத் தொடங்கிவிட்டன. பன்னிரண்டு பேர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம், மதிலை ஒருவரும் பார்க்கவில்லை.

பார்த்தபோது சம்மாட்டியார் முன்னங்கால் இரண்டையும் மதிலில் ஊன்றி நின்றார், கழுத்தில் அறுந்த கயிறு. சோறு போய்விட்டது, பாயசம் போய்விட்டது, கடைசி வடை வாயில் இருந்தது.

"ஐயோ! எல்லாம் பாழ்! திரும்பச் சமைக்கவேணும்!" குணம் அண்ணை தலையில் கை வைத்தார்.

அப்போதுதான் ஒரு சத்தம் கேட்டது மச்சான். முதலில் வசந்தி அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள்.

"விடுங்கோ குணம் அண்ணை. எங்கடை அண்ணா வந்தால் காகத்திட்டையே போவார்? நேரை இவரிட்டைத்தான் போயிருப்பார். அவர் சாப்பிட்டிட்டார். இலையைப் போடுங்கோ, எல்லாருக்கும் பசிக்குது!"

நான்கு கிழமைக்குப் பிறகு அவளும் வயிறாரச் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, உந்த நாயை இனி ஒருத்தருக்கும் குடுக்கேலாது. எங்களோடைதான் இருக்கும்."

கையிலிருந்த வடையை இலையில் வைத்தேன். ஞாயிறு வர ஐந்தே நாள்.

திரும்பிப் போகும் பஸ்ஸில் சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "குடுத்தது நீங்கள். போய்த் திருப்பி வாங்கிறதும் நீங்கள்" என்றாள், அவ்வளவுதான்.

அடுத்த நாளே சிஞ்ஞோராவின் பலெர்மோ வீட்டு வாசலில் நின்றேன். நாங்கள் தேவா இருந்த தோட்ட வீட்டுக்கே குடி வருகிறோம், நாய் எங்களோடு இருக்கட்டும் என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன். அவ கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தா. "மழை தொடங்கினால் அவனுக்குக் காது சீழ் வைக்கும். காலையும் மாலையும் மருந்து விடவேண்டும். தேவா விட்டான். நீ கதிரையில் ஏறுகிறவன் அல்லவா?" சனிக்கிழமை தானே வந்து பார்ப்பதாகவும், என்னால் முடியாவிட்டால் ஞாயிறு வான் வருமென்றும் சொன்னா.

சனிக்கிழமை வந்தா. முற்றத்தில் கதிரை போட்டு, நீதவான் மாதிரி உட்கார்ந்தா. வசந்தி மருந்துப் போத்தலை என் கையில் தந்துவிட்டுத் தள்ளி நின்றாள். சம்மாட்டியார் கல்லில் படுத்திருந்தார். பக்கத்தில் குந்தினேன். முதல் துளி என் காற்சட்டையில், இரண்டாவது அவர் மூக்கில் விழுந்தது. அவர் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, என் மடியில் தலையை வைத்து, சீழ் வைக்கிற காதை மேல்பக்கமாகத் திருப்பித் தந்தார்.

நீ பழக்கியதா அது? ஆறு வருடம் இப்படித்தான் இருவரும் இருந்தீர்களா? நான் ஒரு நாளாவது கதிரையை விட்டு இறங்கி வந்து பார்த்திருக்கக்கூடாதா?

மூன்று துளியும் சரியாகக் காதுக்குள் விழுந்தது. அந்தக் காது எவ்வளவு மெத்தென்று இருக்கிறது தெரியுமா? தெரியும் உனக்கு. சிஞ்ஞோரா வீட்டுத் திறப்புக் கோர்வையை வசந்தியின் கையில் வைத்துவிட்டு, வானை வரவேண்டாமென்று சொல்ல ரெலிபோன் பூத்துக்குப் போனா. உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று ஆம்பிளை என்று அடக்கிக்கொண்டு நின்றவன், அன்று நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன் என்று வசந்தி எல்லாருக்கும் சொல்லித் திரிகிறாள். ஓம், சந்தோஷத்தில்தான்.

பயம் போய்விட்டதென்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். அவர் கொட்டாவி விட்டால் இன்றைக்கும் எனக்கு வியர்க்கிறது. ஆனாலும் காலையும் மாலையும் அவர் பக்கத்தில் குந்துவேன், மூன்று துளியும் அந்தக் காதுக்குள்தான் விழும். உன் பிள்ளையை நான் ஒரு தரம் கொடுத்துவிட்டேன். இனி ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் தங்கச்சியின் புருஷன்,
சம்மாட்டியாரின் மாமா.